எலும்பு இல்லாத பக்கம்

கொஞ்சம் அந்தக் கவர் மேல சாயாம உட்காருங்கக்கா, மடங்கிரும். ஐயோ, தள்ளிப் போக வேண்டாம், நான் மடியில நிமித்தி வச்சுக்கிறேன். மேல வச்சா கம்பியில வளைஞ்சிரும், கீழ உங்க டப்பா ரெண்டு இருக்கு, இதையும் வச்சா யாராவது மிதிச்சிருவாங்க. தென்திருப்பேரையில ஏறினதுலேருந்து இதைப் பிடிச்சுக்கிட்டே நின்னு வந்தேன். ஆழ்வார்திருநகரியில நாலு பேர் எறங்கவும்தான் உங்க பக்கத்துல இடம் கெடைச்சது.

இதுவா? கல்யாணப் படம் இல்லைக்கா. ஸ்கேன் படம். எங்க அண்ணனோட தலை.

இல்லை, இப்ப நல்லா இருக்கான். நல்லா இருக்கான்னுதான் சொன்னாங்க. நேத்து ஆபரேஷன், பாளையங்கோட்டையில. அங்கதான் போறேன். இந்தப் படமெல்லாம் பழசு, தை மாசம் எடுத்தது. டாக்டர் கேட்டா காட்டணும்ல? அவங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கும்தான். ஆனாலும் கையில இருந்தா நல்லது. இவங்க எடுத்துக்கிட்டுப் போகலை. அம்மாவுக்கு இதெல்லாம் தோணாது. தங்கமாரிக்கும் தோணாது. தங்கமாரிங்கிறது அண்ணனோட கூட்டாளி, ரெண்டு பேரும் ஒரே லாரியில லோடு ஏத்துறவங்க. ஆஸ்பத்திரியில சேக்க அண்ணனை அவங்க ரெண்டு பேருமாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் டியூஷன் முடிச்சு வந்து பாக்கிறேன், வீடு பூட்டிக் கிடக்கு. சாவி பக்கத்து வீட்டுல. மறுநாள் போகணும்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாங்க. ஒருநாள் முன்னாலயே வரச் சொல்லிட்டாங்களாம். அவசரத்துல என்கிட்ட சொல்ல மறந்திருப்பாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு தங்கமாரிதான் போன் பண்ணான். "நல்லா முடிஞ்சிச்சு. நீ அலைய வேண்டாம், கூட்டம் கூடாதுன்னு சொல்லுதாவ"ன்னான். நான் ஒருத்தி போனா கூட்டமாக்கா? ஆனா டாக்டர் சொல்லியிருந்தா அதுக்குக் காரணம் இருக்கும், கிருமி தொத்தக் கூடாதுல்ல. அதான் நேத்து போகலை. இன்னைக்குப் போகலாம். இன்னைக்குப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலை.

உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, நான் பேச்சை நிப்பாட்டிருவேன். இல்லையே? சரி.

எங்க ஊர்ப் பக்கம் பூரா வாழைதான். அண்ணன் பேரு ஆத்தியப்பன். லாரி மேல நின்னு தார் அடுக்குறதுல அவனுக்கு நிகரா ஆள் கிடையாதுன்னு தங்கமாரி சொல்லுவான். ஒரு காய் நசுங்காதாம். அன்னைக்கு லோடு முடிஞ்சு, மேல சருகு பரப்பி, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக்கிட்டு இருந்திருக்கான். உடம்பு எடையை எல்லாம் போட்டு இழுக்கணும். இழுத்தான். கயிறு அறுந்துபோச்சு. அவ்வளவு உயரத்துலேருந்து கீழ விழுந்து, தலையோட இடது பக்கம் கல்லுல.

விழுந்தவன் எந்திரிச்சுட்டான். அதுதான் வினை. எந்திரிச்சுச் சிரிச்சானாம். "இந்தக் கயிறு வாங்குன மொதலாளியக் கூப்பிடுங்கல, அவரை வச்சுக் கட்டுவோம்"னானாம். டீ குடிச்சிருக்கான். வீட்டுக்கு நடந்தே வந்திருக்கான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்மா பொடைப்புல மஞ்சப்பத்து போட்டுட்டு, "செத்த நேரம் படுத்து எந்திரி, சரியாயிரும்"னு படுக்க வச்சிருக்கா. அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க.

நான் சாயங்காலம் டியூஷன்லேருந்து வரும்போது வாந்தி எடுத்துக் கிடக்கான். எழுப்பினா பேச்சு குழறுது. தெருவுல ரெண்டு பேர் வாசல்ல நின்னு, "நல்லா ஏத்திட்டு வந்திருக்கான். விடுங்க, தெளிஞ்சிரும்"ங்கிறாங்க. எங்கண்ணன் குடிப்பான்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா அன்னைக்கு வாடை இல்லை. நான் செல்போன் லைட்டை அடிச்சுக் கண்ணைப் பாத்தேன். வலது கண்மணி சுருங்குது. இடது கண்மணி சுருங்கலை. பெரிசா, வெளிச்சம் பட்டும் அப்படியே நிக்குது.

நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிச்சிருக்கேன்க்கா. எங்க தெருவுல காலேஜுக்குப் போன மொதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லலை. அது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். ஒரு கண்மணி மட்டும் அப்படி நின்னா உள்ள மூளை நெருக்குதுன்னு அர்த்தம். படிச்சது அங்க என் கண்ணு முன்னால நிக்குது. நான் கத்தின கத்துல வாழைக்காய் ஏத்துற வேனையே கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், "இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுல வச்சிருந்தீங்கன்னா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரு கவனிச்சது?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அண்ணன் பாக்கலை, அவனுக்கு அப்ப நெனவில்லை. அவன் அதைக் கேட்டிருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. பிறகு நானே ரெண்டு மூணு தடவை சொன்னேன். நாம சொல்றது வேற, டாக்டர் சொல்லிக் கேக்கிறது வேற இல்லையா?

ஒண்ணு கேக்கிறேன், கொண்டைக்கடலை ஊறவச்சிருப்பீங்கள்ல? ஒரு தூக்குவாளி நிறையக் கடலையப் போட்டு, தண்ணி ஊத்தி, மூடியை இறுக்கி மூடி வச்சிட்டா என்ன ஆகும்? கடலை ஊதும். ஊத இடமில்லை. ஒண்ணு மூடி தெறிக்கணும், இல்லை கடலை நசுங்கணும். மூளையும் அப்படித்தான். கால் பிசகினா வீங்குது, தோல் இழுபட்டு இடம் கொடுக்குது. மண்டையோடு இடம் கொடுக்காது. உள்ள மூளை இருக்கு, ரத்தம் இருக்கு, மூளையைச் சுத்தித் தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு. ஒண்ணு கூடினா இன்னொண்ணு குறையணும். மொதல்ல அந்தத் தண்ணி முதுகுத்தண்டுப் பக்கம் எறங்கி இடம் விட்டுக்கொடுக்கும். அதுக்கப்புறம் விட்டுக்கொடுக்க ஒண்ணும் இருக்காது. உள்ள அழுத்தம் ஏறிரும். அழுத்தம் ஏறினா புது ரத்தம் உள்ள நுழைய முடியாது. ரத்தம் வரலைன்னா மூளையில இருக்கிற செல்லுக்கெல்லாம் மூச்சு முட்டும். ஒவ்வொரு செல்லும் உப்பை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதுக்குன்னு குட்டிக் குட்டியா பம்பு மாதிரி வச்சிருக்கு. சக்தி இல்லைன்னா பம்பு நின்னுரும். உப்பு உள்ள தங்கிரும். உப்பு இருக்கிற இடத்துக்குத் தண்ணி தேடி வரும். செல்லு ஊதும். இன்னும் அழுத்தம். இன்னும் ரத்தம் குறையும். இன்னும் ஊதும். இது போக, மூளைக்குப் போற ரத்தக்குழாய்க்கு ஒரு காவல் உண்டு, கண்டதை உள்ள விடாது. அடிபட்டா அந்தக் காவலும் தளர்ந்து தண்ணி கசியும்.

அடி விழுந்தது ஒரு நொடிதான்க்கா. மத்ததெல்லாம் அப்புறம், உள்ளுக்குள்ள, யாருக்கும் தெரியாம நடக்கிறது. ரெண்டு நாள் மூணு நாள் கழிச்சுத்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். வெளிய பாத்தா ஆள் சும்மா தூங்குற மாதிரி இருக்கும்.

என்ன, கேக்க நல்லா இருக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. டியூஷன்ல பசங்களும் சொல்லுவாங்க.

வீக்கம் வத்த மருந்து ஏத்தினாங்க. மாங்காயில உப்பைத் தூவினா தண்ணி விடுதுல்ல, அதே கணக்குதான். ரத்தத்துல அந்த மருந்து சேந்தா மூளையில இருக்கிற தண்ணியை வெளிய இழுக்கும். அதுவும் போதலை. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இடது பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்துரப் போறோம். மூளை வீங்குறதுக்கு இடம் வேணும். வீக்கம் வத்தி, எல்லாம் ஆறினப்புறம் திருப்பி வச்சிருவோம்"னாங்க. அதுவரைக்கும் எலும்பை எங்க வைப்பீங்கன்னு கேட்டேன். "அவர் வயித்துலயே, தோலுக்கடியில"ன்னாங்க. உடம்புக்குள்ளயே இருந்தா கெட்டுப்போகாது. எனக்குச் சட்டுன்னு புரிஞ்சிருச்சு. அவங்க, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். என்னை உட்காரச் சொன்னாங்க. அந்த ஆஸ்பத்திரியில அவ்வளவு நாள்ல என்னை உட்காரச் சொன்னது அவங்க ஒருத்தங்கதான்.

வெளிய வந்து சொன்னா அம்மா பதறிட்டா. "வயித்துலயா? அங்கன வேர் விட்டுராதா?" சித்தப்பா, "அப்ப அவன் மீன் திங்கலாமா?"ன்னாரு. தங்கமாரி அழுதுக்கிட்டே, "சும்மாவே தலைக்கனம் பிடிச்ச பய, இப்ப வயித்துலயும் தலை"ன்னான். எல்லாரும் அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. தோலுக்கடியில கொழுப்புப் படலம் இருக்கும், அதுக்குள்ளதான் வைப்பாங்க, குடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு விளக்கினேன்.

அந்தக் காத்துக்கிடந்த நாளெல்லாம் அப்படித்தான். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா என்கிட்ட வந்து "எப்படி இருக்கான்?"னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேப்பாங்க. கேட்டுட்டு எந்திரிச்சுப் போய் அம்மா பக்கத்துல உட்காந்து, அம்மா தோள்ல சாஞ்சு அழுவாங்க. என்கிட்ட யாரும் அழலை. எனக்கும் அழ நேரமில்லை. உள்ள என்ன நடந்துக்கிட்டு இருக்குன்னு அங்க எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சவளுக்குப் பக்கத்துல உட்கார ஆள் வேண்டாம்னு நெனைச்சிருப்பாங்க.

எப்பிடியோ பிழைச்சுட்டான். வீக்கம் வத்துச்சு. கண் முழிச்சான். சாதா வார்டுக்குக் கொண்டுவந்தப்ப தலைக்கட்டுல இடது பக்கம் பெரிசா எழுதியிருந்தாங்க, 'எலும்பு இல்லை'ன்னு. எலும்பு எடுத்த எல்லாருக்கும் எழுதுவாங்க, யாரும் தெரியாம அந்தப் பக்கம் கையை வச்சு அழுத்திரக் கூடாதுல்ல. அந்தப் பக்கம் தோலுக்குக் கீழ நேரா மூளைதான். நர்ஸம்மா எழுதின பேனா அழியாத மையி. அதே மாதிரி ஒண்ணு வாங்கி நான் பையில போட்டுக்கிட்டேன். இந்தா, இதுதான். கட்டு மாத்தி எழுத மறந்தா நானே எழுதிருவேன். நர்ஸம்மாகூட, "உங்க கையெழுத்து அழகா இருக்கு"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் கட்டு கிடையாது. வெறும் தலை. அந்தப் பக்கம் குழிஞ்சு கிடக்கும். படுத்தா நிரம்பும், உட்காந்தா குழியும், இருமினா எம்பும். பாக்கிறவங்களுக்குப் பயமா இருக்கும். நானே வெள்ளைத் துணியில குல்லா தச்சேன். இடது பக்கத்துல எழுதினேன், 'எலும்பு இல்லை'. துவைக்கத் துவைக்க வெளிறும், நான் மறுபடியும் அழுத்தமா எழுதுவேன். தலையணை உறையில எழுதினேன். அவன் கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவத்துல எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா வர்றவங்களுக்குத் தெரியணும்ல.

வந்தாங்க. ஊரே வந்துச்சு. அண்ணனைப் பாக்க வந்தவங்க, பாத்துட்டு என்கிட்டதான் கேப்பாங்க. நான் குல்லாவை லேசா எடுத்து, தொடாம, இங்கேருந்து இது வரைக்கும்னு காட்டுவேன். சட்டையைத் தூக்கி வயித்துல எலும்பு மேடா இருக்கிறதைக் காட்டுவேன். கொண்டைக்கடலை, மாங்காய், பம்பு எல்லாம் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கும்பலா வந்து நிப்பாங்க. அண்ணன் செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவான். தலையில அடிபட்டவங்களுக்கு வெளிச்சம் கூசும்க்கா. ஜன்னலைச் சாத்திட்டு விளக்குவேன்.

ஒண்ணு தெரியுமா? முன்னாலயெல்லாம் அவன்தான் என்னைக் காட்டுவான். டீக்கடை வழியா நான் போனா விட மாட்டான். "ஏட்டி சக்தி, இங்க வா. மனுசன் தலையில எத்தனை எலும்புன்னு இவனுவளுக்குச் சொல்லு." இருபத்திரெண்டும்பேன். "கேட்டியால? இருபத்திரெண்டு. எந்தங்கச்சி"ம்பான். எனக்குக் கூச்சமா வரும். எத்தனையோ தடவை அந்தத் தெரு வழியாப் போகாம சுத்திப் போயிருக்கேன். என் பேரு பிரம்மசக்தி. ஏட்டி சக்தின்னு அவன் மட்டும்தான் கூப்பிடுவான்.

நெனவு வந்ததுலேருந்து அவன் என்னை அப்படிக் கூப்பிடலைக்கா.

பேச்சு வருது. ஆரம்பத்துல குழறுச்சு, இடது பக்கம்தானே பேச்சுக்கான இடம். போகப்போகத் தெளிஞ்சிருச்சு. அம்மாகிட்ட சோறு கேப்பான். தங்கமாரி வந்தா ரெண்டு பேரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டுச் சிரிப்பாங்க, நான் போனா நிப்பாட்டிருவாங்க. என்கிட்ட மட்டும் வர்றதில்லை. தெனமும் காலையில நான் சோதிப்பேன். இன்னைக்கு என்ன கிழமை, நாம எங்க இருக்கோம், நூறுல ஏழு போனா எவ்வளவு. டாக்டருங்க கேக்கிற கேள்விதான். "ஞாயித்துக்கிழமை"ம்பான். தெனமும் ஞாயித்துக்கிழமை. தங்கமாரிகிட்ட சொன்னா அவன், "அதெல்லாம் இல்லையே, வியாழக்கிழமை சந்தைக்கு எத்தனை லோடுன்னு என்கிட்ட கரெக்டாக் கேட்டானே"ங்கிறான். மூளை அப்படித்தான், சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. எல்லாம் எனக்குத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. பங்குனியில. ஒரு வார்த்தை கிடையாது. நான் கேள்வி கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவான். எப்பலேருந்துன்னா... கனி வீட்டுலேருந்து வந்துட்டுப் போனாங்கல்ல, அதுக்கு மறுநாள்லேருந்து. சரியா மறுநாளான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. ஏறக்குறைய.

கனியா? கனின்னா அண்ணனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு. ஏரல்ல ஜவுளிக்கடையில வேலை பாக்கிறா. அவங்க ரெண்டு பேருக்கும் முன்னாலயே பழக்கம்தான், பெரியவங்க பேசினது பிறகு. அடிபட்டதுக்கப்புறம் அவங்கப்பாவும் அத்தையும் பழம் வாங்கிக்கிட்டுப் பாக்க வந்தாங்க. அண்ணன் அன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு, குல்லாவைக் கழட்டிட்டு, துண்டைத் தலைப்பா மாதிரி சுத்திக்கிட்டு உட்காந்திருந்தான். நல்லாத்தான் பேசினான். அவங்கப்பா சந்தோசமா, "மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லை போலிருக்கே, வைகாசியில வச்சிரலாமா?"ன்னு கேட்டாரு. யாரைப் பாத்துக் கேட்டாருன்னா, என்னைப் பாத்து. படிச்ச பொண்ணுன்னு.

நான் எப்படிக்கா பொய் சொல்றது? துண்டை எடுத்துக் காட்டினேன். எலும்பு வைக்கிற ஆபரேஷன் இன்னும் பாக்கி இருக்கு. மூளையில தழும்பு இருந்தா வலிப்பு வரலாம், வராமலும் போகலாம். சில பேருக்குக் கோவம் கூடும், குணம் மாறும். ஞாபகம் இன்னும் சரியா இல்லை, கிழமை தப்பாச் சொல்றான். எதையும் கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை. அந்த அத்தை பழத்தட்டை வச்சிட்டு, "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா"ன்னாங்க. நன்றி சொன்னாங்கக்கா. போனவங்க அப்புறம் வரலை, போனும் இல்லை. பயந்திருப்பாங்க, பாவம். அவங்க பயந்ததுக்கு நான் என்ன பண்ண? பிறகு தெரிஞ்சா இன்னும் கஷ்டம்தானே? ஒரு பொண்ணோட வாழ்க்கை இல்லையா?

அம்மா அன்னைக்கு உலை வைக்கலை. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லட்டி"ன்னா. அம்மாவுக்குப் புரியாது. அண்ணன் அப்பவே எந்திரிச்சான். குல்லாவைக் கொண்டுபோய் வாய்க்கால்ல போட்டுட்டு வந்தான். நான் வேற தச்சுக் கொடுத்தேன். அதையும் போட்டுட்டான். அவன் பேச்சு நின்னது தள்ளி வந்த வீக்கமா இருக்குமோ, தண்ணி கோத்திருக்குமோன்னு நான் பயந்து டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவங்க, "மத்தவங்ககிட்ட பேசுறாரா?"ன்னு கேட்டாங்க. பேசுறான்னேன். "அப்ப அது மூளையில இல்லைம்மா"ன்னாங்க. போன்ல கேட்டு எப்படிச் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. அவங்க நல்ல டாக்டர்தான். ஆனா ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

என்னக்கா ஜன்னலைப் பாக்கிறீங்க? வெயில் அடிக்குதா, இந்தப் பக்கம் மாறிக்கிறீங்களா?

கோவமா? என் மேலயா? எதுக்குக்கா? அவன் உயிரைக் காப்பாத்தினதே நான்தானே. அவனுக்குன்னு தலையணையைச் சரிவா அடுக்கி வைக்கிறது யாரு, இடது பக்கம் புரண்டிரக் கூடாதுன்னு கட்டிலுக்குக் கீழ படுக்கிறது யாரு. இந்த மூணு நாளா வீட்டுல யாரும் இல்லை. ஆனாலும் கீழதான் படுத்தேன், பழகிப்போச்சு. மேல கட்டில் காலியாத்தான் இருக்கு. அந்த எழுத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். இனிமே எலும்பு வச்சிட்டாங்க, சுவத்துல அழிக்கணும். அழியாத மையி. சுண்ணாம்புதான் அடிக்கணும்.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. தங்கமாரிதான்.

ஆமா சொல்லு. பஸ்லதான் வர்றேன்... இல்லை, நானாத்தான் கிளம்பினேன். செய்துங்கநல்லூர் தாண்டிட்டேன்... கூட்டம் இல்லை, நான் மட்டும்தான் தங்கமாரி, ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு... யாரு? கனியா? எப்ப வந்தா?... அவங்கப்பாவுக்குத் தெரியுமா?... சரி. சரி, நான் கேக்கலை... யாரு பேசுறது பின்னால? அண்ணனா? போனை அவன்கிட்ட... ஹலோ? ...

...

சரி. சரி... வர்றேன்.

வச்சுட்டாங்கக்கா.

அண்ணன்தான். பின்னாலேருந்து சத்தம் போட்டான். என் காதால கேட்டேன். "ஏட்டி, அந்தப் பேனாவைக் கொண்டுக்கிட்டு வராத. படத்தையும் கொண்டு வராத. நீ மட்டும் வா"ன்னான். ஏட்டின்னான்க்கா. குழறவே இல்லை. 'ட்டி' எவ்வளவு சுத்தமா வந்துச்சு தெரியுமா? நேத்துதான் ஆபரேஷன், இன்னைக்கு இவ்வளவு தெளிவா! ஞாபகமும் நல்லா இருக்கு, பேனாவை ஞாபகம் வச்சிருக்கான், பாத்தீங்களா?

ஆனா பேனா என் பையில இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல எங்க வச்சிருக்கேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. படத்தை எடுத்துக்கிட்டு வருவேன்னு எப்படித் தெரியும்?

இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கான் போல. செவரைப் பாத்துப் படுத்திருந்தவன்.

இது நல்ல சேதிதானேக்கா? நல்ல சேதிதான். வான்னு சொல்லியிருக்கான்ல.

இந்தப் பேனாவை நீங்க வச்சுக்கோங்க. இல்லை, சும்மாதான், வாங்கிக்கோங்க. உங்க டப்பா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. எது கருப்பட்டி, எது கற்கண்டுன்னு அப்போலேருந்து திறந்து திறந்து பாத்துக்கிட்டே வர்றீங்க. மேல எழுதி வச்சிருங்க, தண்ணி பட்டாலும் போகாது. எழுதித் தரவா? ... வேண்டாமா? சரி, நீங்களே எழுதிக்கோங்க.

படத்தைத்தான் என்ன பண்ணன்னு தெரியலை. சுருட்டினா பைக்குள்ள போயிரும். கோடு விழுந்திரும், பரவாயில்லை. இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? இன்னும் இறுக்கமா. அவ்வளவுதான். ஜிப்பு மூடிருச்சு. இருக்கிறதே தெரியலை.

அங்க கனி இருப்பா. அவ என்கிட்டதான் கேப்பா, எப்படி இருக்காருன்னு. எல்லாரும் என்கிட்டதானே கேக்கிறாங்க. கேட்டா நான் என்ன சொல்ல? அந்தக் கொண்டைக்கடலையையாவது சொல்லலாமா? அது பயமா இருக்காதுல்ல, சின்னப் பிள்ளைங்களுக்கே...

அதுவும் வேண்டாமா.

சரி. சொல்லலை. அவனையே கேட்டுக்கோன்னு சொல்லிருறேன்.

பாளையங்கோட்டை வந்துருச்சு. எறங்குறேன்க்கா. காலைப் பாத்து, உங்க டப்பா... ஆங், வழி கிடைச்சிருச்சு.

உள்ள போனதும் நான் மொதல்ல என்ன பேசணும்? கிழமை கேக்கக் கூடாது. அது எனக்கே தெரியுது. "சாப்பிட்டியாண்ணே"ன்னு கேக்கட்டுமா? அதுக்கப்புறம்? அவன் சாப்பிட்டேன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் என்ன பேசுறதுக்கா?